லேபிள் ஒட்ட ஏலாத பேஸ்ட்ரி

சீனியத் தடை செய்யச் சொல்லி நான் ஒரு நாளும் கேக்க மாட்டேன். உப்பும் அப்படித்தான், தேங்காயெண்ணெயும் அப்படித்தான் (அதுல கை வச்சா எந்த அரசாங்கமும் அடுத்த எலக்‌ஷனப் பாக்காது, அது வேற கதை). ஆனா ஃபெக்டரில செய்ற ட்ரான்ஸ் கொழுப்பு எண்டு வந்தா தடைதான் வேணும், அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்ல. நான் டயட்டீஷியன், கொழும்புல கிளினிக்குக்கு வாற ஆக்கள்ட சாப்பாட்டுக் கொப்பியப் பாக்கிறதுதான் என்ட வேலை, இந்த முடிவும் அங்க இருந்து வந்ததுதான்.

ஒரு கிழமை சாப்பிட்டதெல்லாம் எழுதிட்டு வாங்க எண்டு சொல்லுவேன். கோட்டைப் பக்கம் ஒஃபிஸ் போற, கொலஸ்ட்ரோல் ஏறின ஆக்கள்ட கொப்பியப் பாத்தா அவ்வளவு வடிவா இருக்கும், காலைல இடியப்பம் சொதி, பகல் சோறு மரக்கறி மீன், ராவைக்கு பாணும் பருப்பும். பத்து மணிக்கு என்ன அண்ணா எண்டு கேட்டா "பிளேன்டி மட்டும் மிஸ்". வெறும் பிளேன்டியா எண்டு இன்னொருக்கா கேட்டாத்தான் மெதுவா வரும், ஒரு பேஸ்ட்ரி, சில நாள் ரெண்டு ரோல்ஸ், பின்னேரம் ஆருக்கும் பேர்த்டே எண்டா கேக். பொய் சொல்றாங்க எண்டு இல்ல, ஷோர்ட் ஈட்ஸ, அதாவது இந்தப் பேஸ்ட்ரி, ரோல்ஸ் மாதிரிச் சின்னத் தீனிய, நாங்க ஆருமே சாப்பாட்டுக் கணக்குல சேக்கிறதில்ல. கடைல போய் இருந்தா கேக்காமலே ஒரு பிளேட்ல எல்லாத்தையும் அடுக்கிக் கொண்டு வந்து மேசைல வைப்பாங்க, எடுத்ததுக்கு மட்டும் காசு, மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். அந்தப் பிளேட்ல எங்க கொண்டு போய் லேபிள ஒட்டுறது சொல்லுங்க.

ட்ரான்ஸ் கொழுப்பு எண்டா என்ன எண்டு சுருக்கமா சொல்றேன். தண்ணி மாதிரி இருக்கிற மரக்கறி எண்ணெய்க்குள்ள ஹைட்ரஜன அரைகுறையா ஏத்தினா அது கட்டியாகும், சீக்கிரம் பழுதாகாது, பேஸ்ட்ரி இதழ் இதழா பிரியும், ஐசிங் வெயிலுக்கு வழியாது, விலையும் குறைவு. பேக்கரிக்கு இதைவிட என்ன வேணும். உடம்புக்குள்ள போனா கெட்ட கொலஸ்ட்ரோல், அதாவது எல்டிஎல், ஏறும், நல்லதான எச்டிஎல் இறங்கும், ரெண்டு பக்கத்தாலயும் அடி. நெய், இறைச்சியில இருக்கிற நிறைவுற்ற கொழுப்பவிட இது மோசம் எண்டு சொல்றது இதாலதான். கொழும்புல விக்கிற எல்லா பேஸ்ட்ரிலயும் இது இருக்கு எண்டு நான் சொல்ல வரல. இருக்கா இல்லையா எண்டு கண்ணாலயோ நாக்காலயோ கண்டுபிடிக்க ஏலாது, எனக்கும் ஏலாது, விக்கிறவருக்கும் ஏலாது.

சீனி அப்படி இல்ல. கிம்புளா பனிஸ்ல மேல தூவி இருக்கிறது உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் வாங்குறீங்க. போத்தல் குடிபானத்துக்கு 2016 ஓகஸ்ட்ல இருந்து எங்கட நாட்டுல கலர் அடையாளம் இருக்கு, 100 மில்லில 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ பச்சை, நடுவுல மஞ்சள். நல்ல விசயம்தான், ஆனா மஞ்சள் எண்டா பரவாயில்ல எண்டு நினைச்சு பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுக்கிற அம்மாமார நான் நிறையப் பாக்கிறேன். 10 கிராம் எண்டாலும் மஞ்சள்தானே, அரை லீட்டர் போத்தல முழுசாக் குடிச்சா 50 கிராம் சீனி, அது பத்துத் தேக்கரண்டி! 2017 நவம்பர் பட்ஜெட்ல ஒரு கிராமுக்கு 50 சதம் எண்டு வரியும் போட்டாங்க, பிறகு அதத் தளர்த்தியும் விட்டாங்க. என்னக் கேட்டா சீனிக்கு வரியும் கலரும்தான் சரியான வழி, அந்த மஞ்சளக் கொஞ்சம் இறுக்கினாக் காணும்.

"மிஸ், எங்கட நாட்டுல தடை சரி வராது, 2021ல பாத்தமே" எண்டு ஒரு அங்கிள் சொன்னார். பிழை சொல்ல ஏலாது. அந்த வருசம் ஏப்ரல்ல பாம் எண்ணெய் இறக்குமதிய திடீரெண்டு நிப்பாட்டினாங்க, காரணம் சுகாதாரம்கூட இல்ல, சுற்றாடல். பேக்கரிக்காரர் மாஜரினுக்கு (பட்டருக்குப் பதிலாப் போடுற கொழுப்புக் கட்டி) எங்க போறது எண்டு தலைல கை வச்சாங்க, பிறகு தளர்த்தினாங்க. அடுத்த மாசம் ரசாயனப் பசளைக்குத் தடை, அது எங்க போய் முடிஞ்சது எண்டு சோத்துப் பார்சல் வாங்கின எல்லாருக்கும் தெரியும், நவம்பர்ல அதையும் வாபஸ் வாங்கினாங்க. ஆனா அங்க பிழைச்சது அவகாசம் குடுக்காததும் மாத்துச் சாமான் இல்லாததும்தான். அமெரிக்காவுல 2015ல முடிவெடுத்திட்டு கம்பனிகளுக்கு 2018 ஜூன் வரைக்கும் டைம் குடுத்தாங்க. டென்மார்க் 2003லயே கொழுப்புல 100 கிராமுக்கு 2 கிராம் எண்டு எல்லை போட்டது, அங்க ஒருத்தரும் கேக் சாப்பிடுறத விடல.

எங்களுக்குக் கிட்டின உதாரணம் எண்டா நியூயோர்க்தான், ஏனெண்டா அங்க கை வச்சது கடைச் சாப்பாட்டுல, லேபிள் இல்லாத சாப்பாட்டுல. 2007ல இருந்து நியூயோர்க் நகரத்துலயும் பிறகு அந்த மாநிலத்துட இன்னும் சில மாவட்டங்கள்லயும் தடை வந்தது. தடை வந்து மூண்டு வருசத்துக்குப் பிறகு, தடை இல்லாத மாவட்டங்களோட ஒப்பிட்டுப் பாக்கேக்க மாரடைப்பும் பக்கவாதமும் சேத்து ஆஸ்பத்திரில சேந்த ஆக்கள் 6.2 வீதம் குறைவா இருந்தாங்க. ஒருத்தரும் டயட் இருக்கல, ஜிம்முக்குப் போகல, கடைக்காரர் கொழுப்ப மாத்தினார், அவ்வளவுதான். நான் வருசம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினாலும் இவ்வளவு வராது.

ட்ரான்ஸ் கொழுப்புக்கு மாத்தா வாறதுல நிறைய பாம் எண்ணெய் வகைதான், அதுல நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட அரைவாசி, அதனால தடை வந்தா பேஸ்ட்ரி மருந்தாகிடும் எண்டு நினைக்க வேணாம்.

ஒரு பயம் இருக்கு. சட்டம் எண்டு வந்தா எங்கட ஆக்கள் முதல்ல பிடிக்கிறது சின்னக் கடைக்காரரத்தான். அவர் மாஜரின கட்டில இருந்து கிலோக் கணக்குல வெட்டி வாங்கிட்டு வாறார், சுத்தின பேப்பர்ல பேருமில்ல ஒண்டுமில்ல. பிஎச்ஐ, அதாவது சுகாதாரப் பரிசோதகர், வந்து பேஸ்ட்ரிய எடுத்து அரச பகுப்பாய்வாளருக்கு அனுப்பி ரிப்போர்ட் வாறதுக்குள்ள அவர் வேற கட்டி வாங்கி முடிச்சிருப்பார். பேக்கரிகள எண்ணி முடிக்க ஏலாது, ஆனா கொழுப்ப இறக்குமதி செய்றவங்களையும் அத செய்ற ஃபெக்டரிகளையும் எண்ணலாம். சாம்பிள் எடுக்க வேண்டியது துறைமுகத்துலயும் அந்த ஃபெக்டரிகள்லயும்தான், அங்க மறிச்சா புறக்கோட்டையில கட்டி வெட்டி விக்கிறவருக்கு ஃபைன் அடிக்கப் போக வேண்டி வராது.