கடற்கரையில் புரியாத பேச்சு

"வீட்டுக்குள்ள அப்பாவுக்கு நல்லாத்தான் கேக்குது. கடற்கரையில நின்னு ஒண்ணு சொன்னா வேற ஒண்ணு செய்றாரு." குளச்சல் பக்கத்திலிருந்து அப்பாவை அழைத்து வந்த மகள் சொன்னது இது. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. முப்பது வருஷம் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து மீன்பிடித் தொழில் பார்த்தவர். சொல்வதைக் கவனிப்பதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் அவர்மேல் வருத்தம். செவித்திறன் பரிசோதனைக்கு வரும் பலர் இந்தப் பழியைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள்.

சத்தத்தின் அளவை டெசிபலில் சொல்வோம். ஒரு மீட்டர் தள்ளி நின்று சாதாரணமாகப் பேசினால் குரல் சுமார் 60 டெசிபல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் 54, நான்கில் 48, எட்டில் 42. வீட்டுக்குள் சுவரும் கூரையும் குரலைத் திருப்பி அனுப்பி ஓரளவு ஈடுகட்டும். மணலில் அந்த உதவி இல்லை. குரல் தேய்ந்துகொண்டே போகிறது, அலையோசை அப்படியே இருக்கிறது.

அலை உடையும்போது வரும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் உயர் அதிர்வெண் வரை, அதாவது கீச்சென்ற ஒலிகள் இருக்கும் பகுதி வரை பரவும். ட, த, ச போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய சத்தமும் அங்கேதான் இருக்கிறது. பல வருஷ எஞ்சின் இரைச்சல் முதலில் கெடுப்பதும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதே பகுதியைத்தான். அதனால் யாரோ ஏதோ சொல்வது அவருக்குக் கேட்கும். 'கட்டு' என்றார்களா, 'கத்து' என்றார்களா என்பது தெரியாது.

சரி, கத்திச் சொன்னால்? கத்தும்போது உயிரொலிதான் பெரிதாகிறது, மெய்யொலி அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கேட்பவருக்கோ நாம் கோபப்படுவதாகத் தோன்றும். பாவம், அவருக்கு அதுவும் சேர்ந்துகொள்கிறது.

காற்றையும் கவனிக்க வேண்டும். பேசுபவரிடமிருந்து கேட்பவர் பக்கம் வீசினால் தூரத்துக் குரலும் கீழே வளைந்து வந்து சேரும். எதிர்த்து வீசினால் மேலே வளைந்து போய்விடும். காது மிஷின் போட்டவர்களுக்கு அதன் மைக்கில் காற்று மோதும் இரைச்சல் வேறு.

அமைதியான அறையில் 'பீப்' ஒலி வைத்து எடுக்கும் பரிசோதனையில் இந்தச் சிரமம் முழுதாகத் தெரியாது. இரைச்சலுக்கு நடுவே பேச்சு எவ்வளவு புரிகிறது என்றும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எட்டு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு நடந்து வந்தால் 18 டெசிபல் கூடும். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, முகம் பார்த்துச் சொல்லுங்கள் என்று அந்த மகளிடம் சொன்னேன். கயிறு, வலை, எஞ்சின் மூன்றுக்கும் தனித்தனியே ஒரு கைச்சைகை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன்.