பள்ளிப் படிவத்தில் தமிழ் என்று எழுதுங்கள்

செப்டெம்பர் வந்தால் லண்டன் பள்ளிகளில் எனக்கு ஒரே கதைதான். பள்ளி தொடங்கும் ரிசெப்ஷன் வகுப்பில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று வாயே திறக்காது. சேர்க்கைப் படிவத்தில் முதல் மொழி ஆங்கிலம் என்று இருக்கும். ஆசிரியை அதை நம்புகிறார். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னதைச் செய்யவில்லை என்றால் அவர் என்ன நினைப்பார்? காதைச் சோதிக்கச் சொல்வார். பேச்சுச் சிகிச்சைக்கு எழுதுவார். சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் சென்கோவிடம் பெயர் போகும். இருமொழி உதவியாளரான என்னை மட்டும் யாரும் கூப்பிட மாட்டார்கள். படிவத்தில்தான் தமிழே இல்லையே!

இந்த வருடமும் அப்படி ஒரு பிள்ளை. ஒரு நாள் கூட்டிப்போக வந்த அம்மம்மாவிடம், வகுப்பில் பார்த்த நத்தையைப் பற்றித் தமிழில் மூச்சு விடாமல் கதைத்ததை யாரோ கேட்டு அலுவலகத்தில் சொன்ன பிறகுதான் விஷயம் வெளிவந்தது. அதற்குள் இரண்டு தவணை போய்விட்டது. தாயிடம் கேட்டால், "தமிழ் என்று எழுதினால் மொக்குப் பிள்ளைகளோடு இருத்துவார்கள் என்றார்களே" என்கிறார். யார் சொன்னது என்றால் பதில் இல்லை.

திரும்பவும் சொல்கிறேன். வீட்டு மொழி தமிழ் என்று எழுதுவது கரும்புள்ளி அல்ல. குறைபாட்டுப் பதிவும் அல்ல. நீங்கள் எவ்வளவு ஆங்கிலம் படித்தவர் என்றும் அங்கே யாரும் கேட்கவில்லை. பிள்ளை சின்ன வயதில் வீட்டில் எந்த மொழி கேட்டு வளர்ந்தது என்பதுதான் கேள்வி. ஆங்கிலம் போதாததால் மட்டும் வரும் சிரமம் சிறப்புக் கல்வித் தேவை ஆகாது என்று இங்கிலாந்து அரசின் 2015ஆம் ஆண்டு நெறிமுறையே தெளிவாகச் சொல்கிறது. ஆகவே உங்கள் பிள்ளையைத் தவறான வரிசையில் நிற்கவிடாமல் காப்பதே அந்த ஒரு சொல்தான். நீங்கள் அதை மறைத்தால், எதற்குப் பயந்தீர்களோ அதுதான் நடக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலம் கூடுதல் மொழியான பிள்ளைக்கு, இங்குள்ள பள்ளியில் சேர்ந்த முதல் மூன்று வருடங்கள் பள்ளிக்கான நிதிக் கணக்கில் ஒரு தொகை சேரும். முன்பு இதற்கென்றே தனி மானியம் இருந்தது. 2011இல் அதைப் பொது நிதியோடு கலந்துவிட்டார்கள். பட்ஜெட் இறுகும் பள்ளிகளில் எங்கள் வேலைதான் முதலில் போகிறது. தமிழ்ப் பிள்ளைகளே இல்லை என்று கணக்குக் காட்டினால், எங்களைக் கேட்டு வாங்க யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பின்வரிசையில் இருந்து வரிக்கு வரி மொழிபெயர்ப்பவள் அல்ல. அப்படிச் செய்தால் பிள்ளை உங்களைக் கேட்பதையே விட்டுவிடும். விதை முளைப்பது பற்றி நாளைக்குப் பாடம் என்றால் இன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள். பத்து நிமிடம் தமிழில் விதை, வேர், முளை எல்லாம் கதைத்துவிட்டு வந்தால், நாளைக்குப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்கள் மட்டுந்தான் புதிது, விஷயம் புதிதல்ல. அதோடு, தமிழ்ப் பெயர் என்பதால் மட்டும் என்னை அனுப்பாதீர்கள். பிரான்ஸிலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ பெயர்ந்து வந்த குடும்பம் என்றால், பிள்ளை எண்ணப் பழகியது பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ இருக்கும். முதலில் வீட்டில் கேளுங்கள்.

ரிசெப்ஷனுக்கு அடுத்த முதல் வகுப்பு முடிவில் வரும், எழுத்தொலிகளைக் கூட்டி வாசிக்கும் ஃபோனிக்ஸ் சோதனையில் நம் பிள்ளைகள் பலர் நன்றாகவே செய்கிறார்கள். பெற்றோர் கேக் வெட்டுகிறார்கள், சரி, சந்தோஷம். ஆனால் எழுத்தைக் கூட்டி வாசிப்பது வேறு, வாசித்தது விளங்குவது வேறு. ஒரு பக்கத்தைத் தடையில்லாமல் வாசித்துவிட்டு, கப்பலுக்கு என்ன நடந்தது என்று கேட்டால் முழிக்கும் பிள்ளைகளை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். விளையாட்டிடத்துப் பேச்சு இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடம் படிக்கத் தேவையான மொழி கைவர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம் என்று கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் எப்போதோ சொல்லிவிட்டார். அதுவரைக்கும் உதவி வேண்டும். "இப்போது நன்றாகக் கதைக்கிறானே" என்று நடுவில் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

தயவுசெய்து, வாய் திறக்காத பிள்ளையை "ஹலோ சொல்லு, தாங்க்யூ சொல்லு" என்று நாலு பேர் முன்னால் நெருக்காதீர்கள். புது மொழிக்குள் வரும் சின்னப் பிள்ளை சில மாதம் பேசாமல் இருப்பது வழமை. அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் தமிழிலும் பேச்சுத் தடுமாறினால், சொன்னது தமிழிலும் விளங்கவில்லை என்றால், அதை ஒளிக்காமல் உடனே சொல்லுங்கள். அப்போது பேச்சுச் சிகிச்சையாளர் இரண்டு மொழியிலும் பார்க்க வேண்டும், காத்திருக்கக் கூடாது. அரைகுறை ஆங்கிலத்துக்கு வீட்டை மாற்றவும் வேண்டாம். உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்ல வருமோ, கோபித்துக் கொஞ்ச வருமோ, அதிலேயே பேசுங்கள்.

ஏற்கெனவே ஆங்கிலம் என்று எழுதிவிட்டீர்களா? திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்துக்குப் போய்த் திருத்தச் சொல்லுங்கள். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. பெற்றோர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அந்த வேலைக்கு எட்டு வயது அக்காவைக் கூட்டி வராதீர்கள்.