குனூத்: நம்பிக்கை அற்றுப்போதல்

கிருஷ்ணகிரியில் உருது பேசும் முஸ்லிம் வீடுகளில் மனம் விட்டுப்போனவரை 'மாயூஸ்' என்பார்கள். அதன் வேர் குர்ஆனில் வரும் 'யஃஸ்' என்ற அரபுச் சொல். 'இனி நடக்காது' என்று ஒன்றைக் கைவிட்டுவிடுவது யஃஸ். யூசுஃபைப் பறிகொடுத்து, இன்னொரு மகனையும் பிரிந்து, அழுதழுது கண் வெளுத்துப்போன யாகூப் நபி பிள்ளைகளிடம், "போய்த் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள்" என்று சொல்லும் இடத்தில் (12:87, அதாவது குர்ஆனின் 12ஆம் அத்தியாயம், 87ஆம் வசனம்) இந்தச் சொல்தான் வருகிறது. துக்கம் வேறு, யஃஸ் வேறு என்பதற்கு அவரே சாட்சி. அழுகையை அவர் நிறுத்தவில்லை, தேடச் சொல்வதையும் நிறுத்தவில்லை.

குர்ஆனில் இதே பொருளில் வரும் குனூத் இன்னும் கனமான சொல். 41:49 மனிதனை 'யஊஸ், கனூத்' (யஃஸ் கொண்டவன், குனூத் கொண்டவன்) என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்கிறது. உள்ளே விட்டுப்போன நம்பிக்கை முகத்திலும் நடையிலும் தெரிய ஆரம்பித்தால் அது குனூத் என்று விரிவுரையாளர்கள் சிலர் பிரித்துக் காட்டுவார்கள். இரவின் வித்ரு தொழுகையில் ஓதும் குனூத் என்ற பிரார்த்தனையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அரபு 'தே' எழுத்தில் முடிவது, பணிந்து நிற்பது என்று பொருள். இது 'தோ' எழுத்தில் முடிவது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இந்தச் சொல்லை விளக்க 42:28 போதும்: மக்கள் நம்பிக்கை அற்றுப்போன பிறகு மழையை இறக்குபவன் அவனே. பென்னாகரம் பக்கம் மானாவாரியில் கேழ்வரகோ சாமையோ விதைத்தவருக்கு உரை தேவையில்லை. முளைத்த பயிர் சாண் உயரத்தில் சுருண்டு, மாட்டை அவிழ்த்து அதிலேயே மேய விடும் நாள் இருக்கிறதே, அதுதான் குனூத். வானம் பார்த்த பூமி அது. அந்த வசனம் மழைக்குச் சொல்லும் சொல்லும் 'கைஸ்' (இதில் முதலெழுத்து அரபு 'கைன்'). வெறும் மழையை அல்ல, தவித்தவருக்கு உதவியாக வந்த மழையைக் குறிப்பது.

இதே மழைக் காட்சி 30:49இலும் வருகிறது. அங்கே சொல் 'முப்லிஸீன்'. வாயடைத்துச் செயலற்று நிற்பவர்கள். ஷைத்தானைக் குறிக்கும் இப்லீஸ் என்ற பெயரே இந்த வேரிலிருந்து வந்தது என்பது அரபு மொழியறிஞர் பலரின் கருத்து. இதற்குத் தமிழில் 'கையறவு' அப்படியே பொருந்தும். புறத்திணையில் தலைவனை இழந்தவர் புலம்புவதைக் கையறுநிலை என்றார்கள்.

குனூத்துக்கு என்ன சொல்வது? பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) கேட்பது 'நிராசை'. வடமொழியில் 'ஆசா' எதிர்பார்ப்பையும் குறிக்கும் என்பதால் அங்கே அது சரி. தமிழில் ஆசை என்றால் விருப்பம், அதனால் நிராசை ஆசையற்ற துறவுபோலவும் ஒலிக்கிறது. 'அவநம்பிக்கை' என்பது எனக்கு ஒப்பவே இல்லை. அது சந்தேகப்படுவது. கடன் கேட்டு வருபவர் மேல் கொள்வது அவநம்பிக்கை. 'நம்பிக்கை அறுதல்' என்பதே நேராக இருக்கிறது. 39:53ஐ, "தமக்குத் தாமே வரம்பு மீறிக்கொண்ட என் அடியார்களே, அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை அற்றுப்போகாதீர்கள்" என்று படித்தால் யாருக்கும் விளங்கும்.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சொல் 'ரஜா', இறைவனின் அருளை எதிர்பார்த்திருப்பது. இதற்கு 'நம்பிக்கை' என்று போட்டால் ஈமானோடு (இறைநம்பிக்கையோடு) கலந்துவிடும். நம் உஸ்தாதுமார்கள் (மார்க்க ஆசிரியர்கள்) சொல்லும் 'ஆதரவு வைத்தல்' அருமையான சொல், அதை விட்டுவிடக் கூடாது. ரஜாவைச் சும்மா இருந்து எதிர்பார்ப்பதாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. இறைவனின் அருளை ஆதரவு வைப்பவர்கள் என்று 2:218 யாரைச் சொல்கிறது? ஈமான் கொண்டு, ஊரை விட்டு ஹிஜ்ரத் (மார்க்கத்துக்காக இடம்பெயர்தல்) புறப்பட்டு, அவன் பாதையில் பாடுபட்டவர்களை.