பாட்டியின் தையல் பெட்டி கைக்கு வந்ததும் துடைக்கத் தொடங்காதீர்கள்

பழைய தையல் மெஷின்களையும் கைவேலைத் துணிகளையும் பழுதுபார்ப்பது என் தொழில். காலத்தால் கெட்டு என்னிடம் வருபவை குறைவு. புதிதாகக் கைக்கு வந்த சூட்டோடு, ஆசை ஆசையாய்ச் சுத்தம் செய்ததில் கெட்டவைதான் அதிகம். பாட்டியின் பொருள் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற அன்பில்தான் செய்கிறார்கள். அதனாலேயே முன்கூட்டிச் சொல்லிவிட நினைக்கிறேன்.

பழைய சிங்கர் மெஷின்களின் கறுப்பு உடம்பில் இருக்கும் தங்கநிறப் பூவேலை பெரும்பாலும் ஒட்டுப்படம். அதன்மேல் பூசிய மெல்லிய அரக்கு வார்னிஷ்தான் அதற்குக் காவல். அந்த அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். ஸ்பிரிட்டோ சானிடைசரோ தொட்டுத் துடைத்தால் முதலில் பஞ்சில் பழுப்பு ஏறும். அழுக்கு வருகிறதென்று இன்னும் அழுத்துவார்கள். அடுத்த இழுப்பில் தங்கமும் சேர்ந்து வந்துவிடும். போனதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியில் மெஷின் எண்ணெயைத் தொட்டு, பூவேலை உள்ள இடத்தில் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நேரமாகும், ஆகட்டும்.

சக்கரம் சுற்றவில்லையா? பலமாகத் திருப்பாதீர்கள். பல நேரம் அது துருவாக இருக்காது. பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும். யாராவது சமையல் எண்ணெய் விட்டிருந்தால் இறுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எண்ணெய்த் துளைகளில் சொட்டுச் சொட்டாக மெஷின் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அடியில், கீழ்நூலைக் கொண்டுபோகும் ஷட்டில் தோட்டா வடிவில் இருந்தால் அதையும் அதன் நீளமான ஒல்லி பாபினையும் தனியே பத்திரப்படுத்துங்கள். ஏதோ இரும்புத் துண்டு என்று அதைக் குப்பையில் போட்டுவிட்டு மெஷினை மட்டும் தூக்கி வருகிறவர்கள் உண்டு. ஷட்டில் இல்லாவிட்டால் ஒரு தையல்கூட விழாது.

கத்தரிக்கோல், தைக்கும்போது விரல்நுனியில் மாட்டும் அங்குஸ்தான் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்தரியின் திருகில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அங்குஸ்தானின் குழி தேய்ந்த பக்கம்தான் பாட்டி ஊசியைத் தள்ளிய பக்கம். பாலிஷ் போட்டு அதை அழித்துவிடாதீர்கள்.

இதைவிடக் கவனம் கேட்பது பூத்தையல் போட்ட துணி. முதலில் குண்டூசி, ஊசிகளை எடுத்துவிடுங்கள். ஈரக்காற்றில் அவை துருப்பிடித்தால் அந்தக் கறை நூலையே அரித்துவிடும். அடுத்து, துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வெளிச்சம் படாததால் நூலின் அசல் நிறம் அங்கேதான் மிச்சமிருக்கும். முன்பக்கம் மங்கலான ரோஜா நிறமாகத் தெரிகிற பூ, பின்னால் நல்ல சிவப்பாக இருக்கும். அங்கே தொங்குகிற நூல் முனைகளை வெட்டிவிடாதீர்கள், தையல் பிரிந்துபோகும்.

துவைக்குமுன் ஈரமான வெள்ளைப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின்மேலும் சிறிது நேரம் அழுத்தி வையுங்கள். சாயம் துளி ஏறினாலும் தண்ணீரில் போடக்கூடாது. ஜரிகை, பட்டு இரண்டுக்கும் வீட்டுத் துவையல் வேண்டவே வேண்டாம். கஞ்சி போட்டு வைத்தால் வெள்ளிமீன் பூச்சி தேடி வரும். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இழை முறியும். சின்னத் துணி என்றால், வெள்ளைப் பருத்தி சுற்றிய உருளையில் பூவேலை வெளிப்பக்கம் இருக்கச் சுருட்டலாம். பெரிதாக இருந்தால் மடிப்புக்குள் துணிச் சுருளை வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில் ஈரம் சிக்கிக்கொள்ளும். சட்டம் போட்டு மாட்டினால் கண்ணாடி துணியில் ஒட்டாமல் இடைவெளி வேண்டும். கோந்தும் டேப்பும் கூடாது. வெயில் படும் சுவர் ஆகாது.

இன்னொன்று, தள்ளிப்போடக் கூடாதது. அந்தத் தையலைப் போட்டவரோ, அவர் போடப் பார்த்தவரோ இருக்கும்போதே துணியை அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள்: யார் போட்டது, யாருக்காக, இந்தத் தையலை எப்படித் தொடங்கினீர்கள் என்று. பேசும்போது விரல்கள் தானாகச் செய்து காட்டும்; அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயரையும் வருஷத்தையும் பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, துணியின் ஓரத்தில் இரண்டு தளர்ந்த தையலில் பிடித்துவிடுங்கள். பேனா மை பரவும்.