'ரேஷியல் ப்ரொஃபைலிங்': தமிழில் எப்படிச் சொல்வது?

2025 செப்டம்பரில் ஓர் அமெரிக்கச் செய்தியைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் குடியேற்ற அதிகாரிகள் ஆட்களை நிறுத்தி விசாரிக்கும் முறை பற்றிய வழக்கு அது. 'ரேஷியல் ப்ரொஃபைலிங்' என்ற தொடர் வந்த இடத்தில், அகராதிகள் கைகாட்டியபடி 'இனவாரி விவரக்குறிப்பு' என்று எழுதினேன். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அச்சுக்குப் போகும் முன் எதையும் அவரிடம் காட்டிவிடுவது என் வழக்கம். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார்.

"இது என்ன தம்பி, சாதிவாரிக் கணக்கெடுப்பு மாதிரியா? எடுக்கட்டுமே, நல்லதுதானே. இதற்குப் போய் ஏன் வழக்குப் போட்டிருக்கிறார்கள்?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரு மனிதனை அவன் முகத்தைப் பார்த்துத் தெருவில் நிறுத்தி, "உன் தாள்களைக் காட்டு" என்று கேட்கும் செயலுக்கு நான் போட்டிருந்த பெயர், ஏதோ நலத்திட்டப் படிவம் போல ஒலித்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழைகளில் இதுதான் கெட்டது. சொல்லில் இலக்கணக் குற்றம் ஒன்றும் இராது; குற்றம் செய்தவன் மட்டும் சொல்லை விட்டு நழுவிப் போயிருப்பான்.

முதலில் மூலச்சொல். 'ப்ரொஃபைல்' என்பது இத்தாலிய மொழியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் அடியில் இருப்பது நூல் என்று பொருள்படும் 'ஃபீலும்' என்ற இலத்தீன் சொல். நூல் பிடித்தாற்போல ஓர் உருவத்தின் விளிம்பை மட்டும் கோடாக வரைவதுதான் ப்ரொஃபைல். நாணயத்தில் அரசனின் பக்கவாட்டு முகம் இருக்கிறதே, அதுதான். உள்ளே கிடக்கும் எதுவும் அதில் தெரியாது. பிறகு ஒருவரைப் பற்றிய சுருக்கமான வரலாற்றுக் குறிப்புக்கு அந்தப் பெயர் ஆகிவந்தது. கைப்பேசியில் நாம் வைத்திருக்கும் 'சுயவிவரம்' அதன் கடைசிப் பேரப்பிள்ளை.

காவல்துறைக்குள் இச்சொல் பரவியதில் 1970களுக்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்க விமான நிலையங்களில் போதைப்பொருள் கடத்துபவரைக் கண்டுபிடிக்க அதிகாரிகள் அடையாளப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியல் போன போக்கை 1989இல் உச்ச நீதிமன்ற நீதிபதி தர்குட் மார்ஷல், ஒரு வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் அடுக்கிக் காட்டினார். விமானத்திலிருந்து முதலில் இறங்கியவர் மேல் சந்தேகம் என்றது ஒரு வழக்கு. கடைசியில் இறங்கியவர் மேல் என்றது இன்னொன்று. நடுவில் இறங்கியவர் மேல் என்றது மூன்றாவது. ஒருவழி டிக்கெட் வாங்கினாலும் சந்தேகம், இருவழி டிக்கெட் வாங்கினாலும் சந்தேகம். பதறினாலும் சந்தேகம், பதறாமல் அமைதியாக நின்றாலும் சந்தேகம். எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறைக்குள் போய் விழும் வீடு அது. 1990களில் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் கறுப்பின ஓட்டுநர்கள் அளவுக்கு மீறி நிறுத்தப்பட்டது வழக்காகி, 1996இல் அங்குள்ள நீதிமன்றம் அதை உண்மை என்று ஏற்றது. 'ரேஷியல்' என்ற அடையுடன் இத்தொடர் எல்லார் வாயிலும் புகுந்தது அந்தக் காலத்தில்தான்.

குடியேற்றச் சட்டத்தில் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. (குடியேற்றம் என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் குடியாத்தம் பஸ் நினைவுக்கு வருகிறது. ஊர்ப்பெயர் அந்தச் சொல்லின் மரூஉ என்றுதான் குடியாத்தத்துக்காரர்கள் சொல்வார்கள். இலங்கையில் இதற்குக் 'குடிவரவு' என்கிறார்கள். வெளியே போவதற்குக் 'குடியகல்வு'. நம்முடையதைவிடத் தெளிவான இணை.) 1882இல் சீனத் தொழிலாளர் வருகையை அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது. 1892இல், ஏற்கெனவே அங்கே வாழ்ந்த சீனத் தொழிலாளர்கள் வசிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைது என்று இன்னொரு சட்டம் வந்தது. யாரிடம் சான்றிதழ் கேட்பது என்பதை முகம்தான் முடிவு செய்தது. வேறு எது செய்திருக்க முடியும்?

1975இல் வந்த பிரிக்னோனி-பான்ஸ் வழக்கை இன்றும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கலிபோர்னியாவில் எல்லைக் காவலர்கள் ஒரு காரை நிறுத்தினார்கள். உள்ளே இருந்த மூவரும் மெக்சிக வம்சாவளியினர் போலத் தெரிந்தார்கள் என்பது மட்டுமே அவர்கள் சொன்ன காரணம். அது போதாது என்றது உச்ச நீதிமன்றம். நல்ல தீர்ப்புதான். ஆனால் அதே தீர்ப்பில் ஒரு பொந்தும் இருந்தது: தோற்றம் மட்டும் போதாது, பிற காரணங்களோடு சேர்த்துப் பார்க்கத்தக்க ஒரு காரணமாகத் தோற்றம் இருக்கலாம். அடுத்த ஆண்டே, நிலையான சோதனைச் சாவடிகளில் பெருமளவு தோற்றத்தை வைத்தே ஒரு காரை ஓரங்கட்டி விசாரிக்கலாம் என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்தப் பொந்து வழியாக எவ்வளவோ போய்வந்தது. அரிசோனாவின் மாரிகோபா மாவட்டத்தில் ஷெரிஃப் (மாவட்டக் காவல் தலைவர்) ஜோ அர்பயோவின் அலுவலகம் இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைக் குறிவைத்து வாகனங்களை நிறுத்தியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்ற ஆணையை மீறியதற்காக அவர் 2017 ஜூலையில் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டார். ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். நான் மொழிபெயர்த்த செய்தி இதன் தொடர்ச்சி. 2025 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிபதி ஒருவர், நான்கு காரணங்களை மட்டும் வைத்துக்கொண்டு யாரையும் நிறுத்தக் கூடாது என்று தடை போட்டார். ஆளின் இனத்தோற்றம் ஒன்று. ஸ்பானிஷ் பேசுவது, அல்லது ஆங்கிலத்தை வேற்றுச் சாயலோடு பேசுவது இரண்டு. கார் கழுவுமிடம், கூலிக்கு ஆள் நிற்கும் முனை போன்ற இடங்களில் இருப்பது மூன்று. செய்யும் வேலை நான்கு. செப்டம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அந்தத் தடையை நிறுத்திவைத்தார்கள். தனியே எழுதிய நீதிபதி கவனா துணைக்கு அழைத்தது 1975ஆம் ஆண்டுத் தீர்ப்பைத்தான். மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள். அவர்களுக்காக எழுதியவர் சோனியா சோட்டோமேயர்.

இரண்டாவது காரணத்தைக் கவனியுங்கள். பேச்சு. தமிழ்ச்சொல்லைத் தேடும்போது எனக்குக் கை கொடுத்தது இதுதான்; அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் பூசி மெழுகவில்லை. 'கோன்ட்ரோல் ஓ ஃபாசியெஸ்' என்கிறார்கள்: முகத்தை வைத்துச் சோதனை. 2016இல் பிரான்சின் உயர்மட்ட நீதிமன்றம், தோற்றத்தை வைத்து நடந்த அடையாளச் சோதனைகளுக்கு அரசே பொறுப்பு என்றது. ஸ்பெயினில் 1992இல் வல்லடோலிட் ரயில் நிலையத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டார்கள். அவர் ஸ்பெயின் குடிமகள். அந்நாட்டு நீதிமன்றங்கள் கைவிட்ட பிறகு, 2009இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவர் பக்கம் நின்றது. பதினேழு ஆண்டுகள், ஓர் அட்டையைக் கேட்டதற்காக.

இதெல்லாம் கடல் கடந்த கதை என்று இருந்துவிட முடியாது. வேலூரில் பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் கடைப் பலகைகளில் வங்க எழுத்து. உணவகங்களில் மீன் குழம்பும் சோறும். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும் குடும்பங்களில் மேற்கு வங்கத்தவர் உண்டு, அசாமியர் உண்டு, மருத்துவ விசாவில் வந்த வங்கதேசத்தவரும் உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் விடுதி 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த விதியில் எனக்கு மனக்குறை இல்லை. எந்த நாடும் கேட்பதுதான். சிக்கல் அதற்கு முந்தைய நொடியில் இருக்கிறது: யார் வெளிநாட்டவர் என்று மேசைக்குப் பின்னால் இருப்பவர் எதை வைத்து நினைக்கிறார்?

ஒரு விடுதியில், பெயர் வேண்டாம், என் கண் முன்னால் நடந்தது இது. மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்து தாயை அழைத்து வந்த இளைஞர் ஆதார் அட்டையை நீட்டினார். மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாக்காளர் அட்டை இருக்கிறதா? பிறப்புச் சான்று இருக்கிறதா?" என்று கேட்டார். அவருக்கு முன்னால் நின்ற நெல்லூர்க்காரர் அட்டையைக் காட்டியதும் சாவி கைக்கு வந்திருந்தது. நான் ஏன் என்று கேட்டேன். "பேச்சைக் கேட்டீர்களா சார்? அந்தப் பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறது" என்றார் மேலாளர். கெட்ட மனிதர் அல்லர். பிறகு அந்தத் தாய்க்குக் கீழ்த்தள அறையைத் தந்தார். ஆனால் மால்டாவின் வங்காளமும் எல்லைக்கு அப்பால் ராஜ்சாகியின் வங்காளமும் காதுக்கு எவ்வளவு விலகியிருக்கும்?

2025 ஆகஸ்டில் டெல்லி காவல்துறைக் கடிதம் ஒன்று வங்காளத்தையே 'வங்கதேச மொழி' என்று குறிப்பிட்டுப் பெரும் சர்ச்சையானது. பல மாநிலங்களில் வங்காளம் பேசும் தொழிலாளர்கள் பிடித்துவைக்கப்பட்ட வழக்கில், மொழியை வைத்தே ஒருவரை வெளிநாட்டவர் என்று ஊகிக்கிறீர்களா என்று உச்ச நீதிமன்றமே அதே மாதம் மத்திய அரசைக் கேட்டது. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டப்படி, ஒருவர் மேல் கேள்வி எழுந்துவிட்டால் தாம் வெளிநாட்டவர் அல்லர் என்று காட்டவேண்டிய பொறுப்பு அவருடையதே. அதன் இடத்தில் வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டமும் அதை மாற்றவில்லை. ஆகவே முதல் சந்தேகம் எதிலிருந்து பிறந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தமிழ் இதை மறுபக்கத்திலிருந்தும் அறியும். இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழரைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். களவாகப் படகில் வந்தவர் என்று பொருள். தமிழ்ச்சொல்தான், சிங்களப் பேச்சுக்குள்ளும் வசவாகப் புகுந்தது. தாத்தா காலத்திலிருந்து தேயிலை பறித்தவரும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, நேற்று இரவு மன்னாரில் கரையேறியவர் போலப் பார்க்கப்பட்டார். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணித் தள்ளியது. பின்னர் போரில் வந்தவர்களின் முகாம்களில் ஒன்று நம் மேல்மொணவூரில் இருக்கிறது. 2021இல் இவற்றை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். ஒரு பெயரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள், 'கள்ளத்தோணி' என்று கூப்பிடப்பட்டவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இன்னும் பழையது குற்றப்பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சாதியே குற்றப் பட்டியலில் ஏறியது. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். மக்கள் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்றார்கள். பெயர் என்றால் அப்படி இருக்க வேண்டும்: யார் என்ன செய்யவைக்கப்பட்டார் என்பது அதிலேயே தெரிகிறது. 1947இல் சென்னையில் சட்டம் நீங்கியது. சொல்தான் மாறியதே தவிர, ஊரில் திருட்டு என்றால் குறவர் குடியிருப்புப் பக்கம் திரும்பும் கண் உடனே மாறிவிடவில்லை. "சந்தேகத்துக்கு இடமாக நின்றுகொண்டிருந்தவரைப் பிடித்து விசாரித்ததில்" என்று நாளிதழ்கள் இன்றும் எழுதுகின்றன. அந்த வாக்கியத்தில் சந்தேகப்பட்டவர் யார் என்பது எப்போதும் வராது.

இனி சொல். 'இன ஒதுக்கல்' வேறு பொருள். 'இனப் பாகுபாடு' மிக அகலம்; வீடு வாடகைக்குத் தர மறுப்பதும் அதில் அடங்கும். 'அங்க அடையாளம்' நேர் எதிர்: நெற்றியில் தழும்பு, ஐந்தடி ஆறங்குலம் என்று ஒரே ஓர் ஆளைத் தேடுவது முறையான காவல் வேலை. நமக்கு வேண்டியது, ஓர் ஆளைத் தேடாமல் ஒரு வகையைத் தேடும் செயலுக்கான பெயர்.

ஆசிரியர்தான் 'சாயல்' என்ற சொல்லை எடுத்துத் தந்தார். தொல்காப்பியம் அதற்கு மென்மை என்று பொருள் சொல்கிறது. இன்று ஒப்புமை, போல இருத்தல். "அப்பா சாயல்" என்று குழந்தையைச் சொல்கிறோம். "பேச்சில் ஆந்திரச் சாயல் அடிக்கிறது" என்று சித்தூர் எல்லைக்காரரைச் சொல்கிறோம். முகம், நடை, உடை, பேச்சு எல்லாம் ஒரே சொல்லில் அடங்குகிறது. பிரெஞ்சுச் சொல்லுக்கு முகம் மட்டும்தான் வாய்த்தது. லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலின் இரண்டாவது காரணத்தை அது தொடாது. போதாததற்கு, சாயலுக்குப் பக்கத்திலேயே சாய்வும் நிற்கிறது. பார்க்கப்படுபவரின் சாயல், பார்ப்பவரின் சாய்வு.

'இனச்சாயல் ஐயம்' என்று எழுதிக் காட்டினேன். வினையாக வேண்டுமானால் 'இனச்சாயல் கொண்டு ஐயுறுதல்'. நாளிதழில் 'சாயலைப் பார்த்துச் சந்தேகித்தல்' போதும். ஆசிரியருக்கு 'ஐயம்' மேல் ஒரு சிறு ஆட்சேபம் இருந்தது: பழந்தமிழில் அது பிச்சைக்கும் பெயர். "இருக்கட்டும் ஐயா, இந்த இடத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள்" என்றேன்.

அவர் தாளை மறுபடி வாங்கி, 'இனவாரி விவரக்குறிப்பு' வந்த மூன்று இடங்களிலும் சிவப்பு மையால் அடித்தார். மூன்றாவது இடத்தில் நான் அவசரத்தில் 'இன சாயல்' என்று திருத்தியிருந்தேன். நடுவில் ஒரு 'ச்' போட்டுக் கொடுத்தார்.