ரிப்போர்ட்டில் நார்மல், ஆனால் உங்களுக்கு?

"டாக்டர், அவருக்குக் கொழுப்பு நார்மல் ஆயிடுச்சு. அதனால அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திட்டோம்."

இதைச் சொன்னவர் மனைவி. பக்கத்தில் இருந்த கணவரால் பேச முடியவில்லை. அவருக்கு அது இரண்டாவது பக்கவாதம். மாத்திரையை விட்டதால்தான் வந்தது என்று ஒருவர் விஷயத்தில் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தபோது மனம் கனத்துப்போனது. எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 118, பக்கத்தில் எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லை.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சாகும் அளவு பொதுவாக எல்லோருக்குமானது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து, ஒருமுறை மூளைக்கு ரத்தம் தடைபட்டவருக்கு அது போதாது. அவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே இருக்க வேண்டும். இது குத்துமதிப்பான எண் அல்ல. பிரான்சிலும் தென்கொரியாவிலும் இப்படிப்பட்ட 2,860 பேரைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 70-க்குக் கீழும் இன்னொன்றுக்கு 90 முதல் 110 வரையும் இலக்கு வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். மறுபடியும் பக்கவாதம், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் முதல் பிரிவில் 8.5 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 10.9 சதவீதம் பேருக்கு வந்தன. ஆம், மாரடைப்பும்தான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயில் படிகிற கொழுப்பு இதயக் குழாயிலும் படியும்.

சரி, அளவு குறைந்தது எதனால்? மாத்திரையால். கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. கல்லீரலில் நடக்கும் அந்தத் தயாரிப்பை ஸ்டாட்டின் என்கிற இந்த வகை மாத்திரை மட்டுப்படுத்துகிறது. நிறுத்தினால் சில வாரங்களில் பழையபடி ஏறிவிடும்.

இந்த மாத்திரையால் தசைவலி வந்தால் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெடிமைப் என்ற வேறொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்க்கலாம். மூளையில் ரத்தம் கசியுமோ என்ற பயத்தையும் நான் ஒதுக்குவதில்லை. 2006-இல் வெளிவந்த, 4,731 பேரை வைத்து நடந்த ஆய்வில் அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை 80 மி.கி. எடுத்த பிரிவில் 55 பேருக்கும், எடுக்காத பிரிவில் 33 பேருக்கும் கசிவு வந்தது. ஆனால் மொத்தப் பக்கவாதம் 13.1 சதவீதத்திலிருந்து 11.2 ஆகக் குறைந்தது. முதலில் வந்ததே ரத்தக்கசிவு என்றால் கணக்கு வேறு; அதை உங்கள் மருத்துவரோடு தனியாகப் பேச வேண்டும்.

"அப்போ எப்ப நிறுத்தலாம்?" என்று அந்த அம்மா கேட்டார். உடம்பு மாத்திரையை ஏற்றுக்கொள்ளும் காலமெல்லாம் நிறுத்த வேண்டாம் என்றேன். மாத்திரையை மறுபடி தொடங்கினோம். ஆறு வாரம் கழித்து அடுத்த பரிசோதனை. மருந்துச் சீட்டின் மேலே 70 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.