பச்சை முட்டைக்குள் ஒரு மாநிலச் சின்னம்

சாலமாண்டரை மாநிலச் சின்னமாக்கும் அளவுக்கு அதில் என்ன சிறப்பு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் தென் கரோலினா 1999-லும் ஒஹாயோ 2010-லும் புள்ளிச் சாலமாண்டரைத் தங்கள் அதிகாரபூர்வ இருவாழ்வியாகச் சட்டத்தின் மூலம் அறிவித்தன. தென் கரோலினாவில் அதற்கு முன்னின்றவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

பார்வைக்குப் பல்லி போலிருந்தாலும் இது தவளையின் உறவினம். கரிய முதுகில் இரண்டு வரிசை மஞ்சள் புள்ளிகளுடன், ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, வசந்தத்தின் முதல் மழையிரவுகளில் காட்டுக் குட்டைகளுக்கு வந்து முட்டையிடும். கோடையில் வற்றிவிடும் குட்டைகள் என்பதால் அவற்றில் மீன்கள் இருப்பதில்லை.

முட்டைகளைக் கெட்டியான கூழ் மூடியிருக்கும். அது பாதுகாப்புத்தான் என்றாலும், கூழின் தடிமன் கூடக்கூட உள்ளிருக்கும் கருவுக்கு ஆக்சிஜன் சென்று சேர்வது கடினமாகிறது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பது ஊஃபிலா என்னும் ஒரு செல் பச்சைப்பாசி. கரு வளர வளர முட்டையின் உட்புறம் பச்சை நிறமாகிறது. கரு கழிவாக வெளியேற்றும் அம்மோனியா பாசிக்கு உரமாகிறது; பாசி பகலில் ஒளிச்சேர்க்கையின்போது வெளிவிடும் ஆக்சிஜனைக் கரு எடுத்துக்கொள்கிறது. இரவில் பாசியும் ஆக்சிஜனைச் செலவிடும் என்பதால் முட்டைக்குள் அதன் அளவு மீண்டும் சரியும். ஆயினும் பாசி இல்லாத முட்டைகளில் கருவின் வளர்ச்சி மந்தமாகவே இருக்கிறது.

இவ்வளவும் 1888 முதல் படிப்படியாகத் தெரியவந்தவை. உயிரியலாளர் ரயன் கெர்னியும் சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வுதான் வியப்பின் உச்சம்: பாசி கருவின் செல்களுக்குள்ளேயே குடியேறியிருந்தது! அந்நிய உயிரை நோயெதிர்ப்பு அமைப்பு விரட்டிவிடும் முதுகெலும்பிகளில் இது எதிர்பாராதது. ஒளிச்சேர்க்கை செய்யும் சாலமாண்டர் என்று சிலர் கொண்டாடினாலும் நான் அவசரப்பட மாட்டேன். 2017-ல் மரபணுச் செயல்பாட்டை ஆராய்ந்தபோது, சாலமாண்டர் செல் தன் எதிர்ப்பை அடக்கிக்கொள்வதும், உள்ளே இருக்கும் பாசியோ நெருக்கடிக்கு ஆளாகி, ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றல் பெறும் நொதித்தலுக்கு மாறுவதும் புலப்பட்டன. விருந்தாளியாகப் போனதா, சிறைப்பட்டதா என்பதே இப்போதைய கேள்வி. மருந்தோ லாபமோ உடனே தராத இத்தகைய கேள்விகளுக்கும் அரசுகள் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சின்னம் என்ற பட்டம் மட்டும் குட்டைகளைக் காப்பாற்றிவிடாது. 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஆறு, ஏரிகளோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணையாத ஈரநிலங்களுக்குக் கூட்டாட்சி அரசின் தூய நீர்ச் சட்டம் பொருந்தாது. தனித்து நிற்பதுதான் இந்தக் காட்டுக் குட்டைகளின் இயல்பே.